கள்ளிக்கோட்டை மிஸ்கால் பள்ளிவாசல்

ஒரு பழைய நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அந்நகரத்தின் அரண்மனையையும் கோட்டையையும் முதலில் நாடுதல் இயல்பு. மலையாளக் கரையிலுள்ள கள்ளிக்கோட்டைக்குச் செல்வோர்க்கு அவ்விரண்டும் கிடைப்பதில்லை. மூன்று கடல்களின் வணிகத்தைத் தன் துறைமுகத்தில் ஒருங்கு கூட்டிய சாமூதிரி மன்னரின் அரண்மனை அழிந்தொழிந்தது. அரண்மனைக்கு நீர் வழங்கிய மானாஞ்சிறைக் குளம் மட்டும் எஞ்சியுள்ளது. போர்த்துக்கேயர் அங்கு எழுப்பிய கோட்டையும் இருந்த இடந் தெரியாது போயிற்று. ஆயினும், கடற்கரைக்கு அணித்தாயுள்ள குற்றிச்சிறை என்னும் மற்றொரு குளத்தின் கரையில், பதினான்காம் நூற்றாண்டிலே தோன்றி, ஒருமுறை தீக்கு இரையாகி, மீண்டும் எழுந்த மரக் கட்டடம் ஒன்று இன்றும் நிலைபெற்றிருக்கின்றது. அதுவே மிஸ்கால் பள்ளிவாசல்.

கல்லாலாகிய அரண்கள் அழியவும் மரத்தாலாகிய வழிபாட்டிடம் ஒன்று நின்று நிலவியதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு ஒரு கட்டடத்தின் கதையோடு, ஓர் இந்து அரசனும் அவனது துறைமுகத்தை நாடி வந்த இசுலாமிய வணிகரும் தம்முள் வளர்த்த நம்பிக்கையின் கதையும் வெளிப்படும்.

நகரின் தோற்றம்

மகோதயபுரத்திலிருந்து ஆண்ட சேரப் பெருமாக்களின் ஆட்சி பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முடிவெய்தியது. அதன்பின் மலைநாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்தது. அவற்றுள் ஒன்று ஏறநாட்டுக்குரிய நெடியிருப்பு மரபு. உள்நாட்டிலிருந்த இம்மரபினர் கடற்கரையை நோக்கி நகர்ந்து, கள்ளிக்கோட்டையைத் தம் தலைநகராக்கிக்கொண்டனர். இவர்களே பிற்காலத்திற் சாமூதிரி எனப் பெயர் பெற்றோர். குன்றலக்கோனாதிரி என்றும் பூந்துறைக்கோன் என்றும் இவர்க்குப் பட்டங்கள் வழங்கின.

கள்ளிக்கோட்டைக்கு இயற்கை வழங்கிய துறைமுக வசதி பெரிதன்று. திறந்த கடலில் நங்கூரமிட்டு, சிறு தோணிகளிற் பண்டங்களைக் கரை சேர்க்கவேண்டிய இடம் அது. கொடுங்கல்லூர், கொல்லம் முதலிய பழந் துறைகள் அருகிலிருக்கவும் வணிகர் இதனையே நாடினமைக்குக் காரணம் அரசனின் ஒழுகலாறே. மலையாளக் கரையின் பிற துறைகளிற் கப்பல் உடைந்து பொருள் கரையொதுங்கினால் அது அரசனைச் சேரும். கள்ளிக்கோட்டையிலோ அப்பொருள் உரியவர்க்கே சேர்ந்தது. இவ்வழக்கத்தினாலேயே அந்நகரம் செழித்துப் பலரையும் ஈர்த்தது என மொறோக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பதூதா எழுதியுள்ளார்.

காலமும் இதற்குத் துணைநின்றது. 1258ஆம் ஆண்டில் மொங்கோலியரால் பக்தாத் வீழ்ச்சியடைந்தபின், கீழைத்தேய வணிகத்திற் செங்கடல் வழியும் எகிப்தும் முன்னிலும் சிறப்புற்றன. ஏடனிலிருந்து வரும் மரக்கலங்கட்கு மலையாளக் கரை நேரே எதிர்ப்பட்டது. மிளகும் இஞ்சியும் அங்கே விளைந்தன. இவ்வாறு அரசனின் நீதியும் உலக வணிகத்தின் போக்கும் ஒன்றுகூடிய வேளையிற் கள்ளிக்கோட்டை பெருநகராயிற்று.

ஒரு நாழியின் பொருள்

மிஸ்கால் பள்ளிவாசலுக்கு அண்மையில், அதனினும் பழைமை வாய்ந்த முச்சுந்திப் பள்ளி உள்ளது. அங்குள்ள கல்வெட்டொன்று இவ்வரலாற்றுக்குத் திறவுகோலாய் அமைவது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இக் கல்வெட்டு இரு மொழிகளிற் பொறிக்கப்பட்டது. ஒரு பகுதி அரபு. மற்றப் பகுதி பழைய மலையாளம். அதன் எழுத்தோ பாண்டி நாட்டிலும் சேர நாட்டிலும் பண்டு வழங்கிய வட்டெழுத்து. கேரள வரலாற்றறிஞர் எம். ஜி. எஸ். நாராயணன் 1972இல் வெளியிட்ட நூலிற் கேரளத்துப் பல்சமயக் கூட்டுவாழ்வை ஆராய்ந்தபோது, இத்தகைய சாசனங்களின் அருமையை எடுத்துக்காட்டினார்.

அரபுப் பகுதி பள்ளியை எழுப்பியவரைக் கூறுகின்றது. சிகாபுத்தீன் ரைகான் என்பவர் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து நிலத்தை விலைக்கு வாங்கிப் பள்ளியைக் கட்டி, தொழுகை நடத்தும் இமாமுக்கும் பாங்கு சொல்லும் முஅத்தினுக்கும் வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தார். இவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்பது கருதத்தக்கது. வேற்றுநாட்டிற் பிறந்து பிறர்க்குரியவராய் இருந்த ஒருவர், அயலரசன் ஒருவனின் நகரில் நிலத்துக்கு உரியவராகி அறமொன்றை நிறுவ முடிந்ததாயின், அந்நகரத்துச் சட்டமும் சமுதாயமும் எத்தகையன என்பது தானே விளங்கும்.

வட்டெழுத்துப் பகுதி அரசனின் கொடையைக் கூறுவது. பூந்துறைக்கோன் இப்பள்ளிக்கு நாட்செலவாக நாள்தோறும் ஒரு நாழி அளிக்க ஆணையிட்ட செய்தி அதிற் காணப்படுகின்றது. ஒரு நாழி அரிசி அளவிற் சிறிது. ஒரு குடும்பத்தின் ஒருவேளைச் சோற்றுக்கே போதுமானது. ஆயினும் கோயிலுக்கு அமுதுபடி அளக்கும் அரசன் பள்ளிவாசலுக்கும் படியளந்தான் என்பதே இங்கு உணரவேண்டியது. ஒருமுறை கொடுத்து மறக்கும் பரிசில் அன்று இது. விடியுந்தோறும் அளக்கப்பட வேண்டியது. அரசனுக்கும் பள்ளிக்குமுள்ள உறவு நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டது. கோயில்களுக்கு நாட்படி அளக்கும் மரபை நன்கறிந்த தமிழ் மக்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

காற்றும் குடியும்

இனி, இவ்வணிகருக்குப் பள்ளிவாசல் தொழுகைக்கு அப்பாலும் இன்றியமையாததாயிருந்தது ஏன் என்பது நோக்கற்பாலது. அக்காலத்து மரக்கலங்கள் பருவக்காற்றை நம்பி ஓடியவை. அரபு நாட்டிலிருந்து தென்மேற்குக் காற்றின் துணையால் வந்தோர், வடகிழக்குக் காற்று எழும்வரை திரும்பிச் செல்ல இயலாது. சீனத்துக்குச் செல்வோர்க்கும் அங்கிருந்து வருவோர்க்கும் இவ்வாறே காத்திருத்தல் வேண்டியதாயிற்று. திங்கள் பல கரையிலே தங்கிய வணிகர் அங்கேயே மணஞ் செய்து இல்லறம் நடத்தினர். அவர்தம் மக்கள் தாயின் மொழியையும் தந்தையின் சமயத்தையும் பெற்று வளர்ந்தனர். மாப்பிள்ளைமார் எனப்படும் சமுதாயத்தின் வளர்ச்சியில் இக்கலப்புக்குப் பெரும் பங்குண்டு.

இத்தகைய வாழ்க்கையில் எழும் சிக்கல்கள் பல. மணவினைக்குச் சான்று வேண்டும். கடலில் மாண்டவன் விட்டுச்சென்ற பொருளைக் காத்து வழியினரிடம் ஒப்படைக்க ஒருவர் வேண்டும். தந்தையை இழந்த சிறுவர்க்குப் பாதுகாவல் வேண்டும். கடனுக்கும் கூட்டு வணிகத்துக்கும் எழும் வழக்குகளைத் தீர்க்க நீதிபதி வேண்டும். இவையனைத்தும் இசுலாமியச் சட்டப்படி காதியாரின் கடமைகள். காதியாரைச் சார்ந்தது பள்ளிவாசல். எனவே பள்ளிவாசலே வழிபாட்டிடமாயும், வழக்குமன்றமாயும், வந்தேறியோன் ஊரவனாய் மாறும் வாயிலாயும் விளங்கியது.

கல்வியையும் அறத்தையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். கள்ளிக்கோட்டைக்கு வடக்கே ஏழிமலைப் பகுதியிலிருந்த ஒரு பெரும் பள்ளிவாசலை இபின் பதூதா வருணித்திருக்கின்றார். கடலோடிகள் அதற்கு நேர்ச்சை வைத்துக் காணிக்கை செலுத்தினர். அதனாற் பொருள்வளம் பெருகிற்று. அவ்வருவாயிலிருந்து அங்குக் கற்கும் மாணவர்க்கு உதவிப்பணம் வழங்கப்பட்டது. வழிப்போக்கர்க்கும் ஊரிலுள்ள வறிய முசுலிம்களுக்கும் உணவளிக்கும் அடுக்களையும் அங்கிருந்தது. மலையாளக் கரையின் பழைய பள்ளிகள் ஆற்றிய சமுதாயப் பணிக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. கல்விக் கூடமும் அன்னசத்திரமும் கோயிலைச் சார்ந்து வளர்ந்த நம் நாட்டு மரபும் இதனின் வேறுபட்டதன்று.

நாகுதா மிஸ்கால்

இபின் பதூதா 1342ஆம் ஆண்டளவிற் கள்ளிக்கோட்டைக்கு வந்தார். அவர் வந்தபோது துறையிற் பதின்மூன்று சீன மரக்கலங்கள் நின்றன. சீனம், சாவகம், இலங்கை, மாலைத்தீவு, யேமன், பாரசீகம் ஆகிய நாட்டினர் அங்கு வந்து கூடுவர் என்று அவர் குறித்துள்ளார். வணிகர் தலைவர் பகுரைனைச் சேர்ந்த இபுறாகீம். காதியார் பக்குறுத்தீன் உதுமான். இவர்களோடு அவர் பெயர் சுட்டும் மற்றொருவர் மிஸ்கால். பெருஞ் செல்வரான இவர்க்குரிய பல கப்பல்கள் இந்தியா, சீனம், யேமன், பாரசீகம் ஆகிய நாடுகளின் வணிகத்தில் ஈடுபட்டன.

கப்பலுக்குரியவரை நாகுதா என்பது அக்கால வழக்கு. நாகுதா மிஸ்கால் கட்டுவித்த பள்ளியே அவர் பெயராற் குற்றிச்சிறையில் விளங்குவது. கடலில் ஈட்டிய பொருளைக் கரையில் அறமாக்கிய செயல் இது. அவருடைய மரக்கலங்களுள் ஒன்றேனும் இன்று இல்லை. அவர் வாழ்ந்த மாளிகை யாதென்பாரும் இல்லை. பள்ளி ஒன்றே அவர் பெயரை எழுநூறு ஆண்டுகளாகக் காத்துவருகின்றது.

கட்டட அமைப்பு

இப்பள்ளியை முதன்முறை காண்போர் வியப்பெய்துவர். பள்ளிவாசல் என்றதும் நினைவுக்கு வரும் குவிமாடமும் வானளாவிய தூபிகளும் இங்கு இல்லை. அடுக்கடுக்காய் மேலே குறுகிச் செல்லும் சாய்ந்த கூரைகளும், மரச் சட்டங்களாலாய சுவர்களும், நெருங்கிய சாளரங்களுமே காணப்படுகின்றன. மலைநாட்டுக் கோயில்களையும் பெருவீடுகளையும் அமைத்த அதே தச்சுமரபு இப்பள்ளியையும் உருவாக்கிற்று. மழை மிகுந்த நாட்டுக்குச் சாய்கூரை தகும். தேக்கும் பிற வன்மரங்களும் மலைச்சாரலில் நிறைய உண்டு. எனவே அரபு நாட்டு அமைப்பைக் கொண்டுவர முயலாது, அந்நாட்டுத் தச்சர் அறிந்த முறையிலேயே இறைவனுக்கு இல்லம் எழுப்பினர்.

இன்று நான்கு நிலைகளுடன் தோன்றும் இக் கட்டடத்தில் 47 கதவுகளும் 24 செதுக்குவேலைத் தூண்களும் உள்ளன என்பர். தொழுகை மண்டபம் பல நூறு பேர் ஒருங்கு நின்று தொழத்தக்கது. காற்று நாற்புறமும் உலவுதற்கு வழியமைந்திருத்தலின், உச்சிப்பொழுதிலும் உள்ளே தண்மை நிலவுகின்றது. எதிரேயுள்ள குளமும் அதனைச் சூழ்ந்த பழைய கூட்டுக்குடும்ப வீடுகளும் பள்ளியோடு ஒன்றி ஓர் ஊராய் அமைந்துள்ளன. அவ்வீடுகளில் வாழ்ந்த கோயா குடும்பத்தினர் தாய்வழி மரபைப் பின்பற்றி, மணமான பெண்களைத் தாய்வீட்டிலேயே இருத்தும் வழக்கமுடையோர். சமயத்தால் இசுலாமியராயினும் குடும்ப அமைப்பால் அவர்கள் மலைநாட்டு மக்களே என்பதை இது காட்டும். கட்டடத்திற் கண்ட பொருத்தமே குடிவாழ்விலும் காணப்படுகின்றது.

வேற்றுநாட்டார் கண்ட நகரம்

பதினைந்தாம் நூற்றாண்டில் இந்நகரைக் கண்டோருள் இருவர் எழுத்துக்கள் சிறப்புடையன. ஒருவர் சீனக் கடற்றளபதி செங் கோவின் மரக்கலத் தொகுதியோடு வந்த மா குவான். தாமும் முசுலிமாகிய இவர், நகரில் இருபது அல்லது முப்பது பள்ளிவாசல்கள் இருந்தன என்றும், மக்கள் ஏழு நாளுக்கு ஒருமுறை தொழுகைக்குச் சென்றனர் என்றும் எழுதியுள்ளார். மன்னனின் இரு பெரும் அதிகாரிகள் முசுலிம்கள். சீனக் கப்பல்களின் பண்டங்களுக்கு விலை குறிக்கும்போது அரசனின் அதிகாரியும் செட்டியும் உடனிருந்து பேசுவர். விலை முடிந்ததும் கைகோத்து உறுதி செய்வர். பின்னர் விலை ஏறினும் இறங்கினும் சொன்ன சொல் மாறார். இச்செய்தியில் அரசனும் முசுலிமும் செட்டியும் சீனரும் ஒரே கைப்பிடிக்குள் அடங்குதல் காண்க.

மற்றவர் பாரசீக மன்னர் சாருக்கின் தூதராய் 1442இல் வந்த அப்துர் இரசாக். வணிகர் தம் பண்டங்களை இறக்கி, கணக்குப் பார்க்கவும் காவலிருக்கவும் ஆளின்றியே கடைத்தெருவில் விட்டுச் செல்லலாம் என்றும், சுங்க அதிகாரிகளே அவற்றைக் காப்பர் என்றும், விற்றாலன்றி வரி இல்லை என்றும், விற்றாலும் நாற்பதில் ஒரு பங்கே வரி என்றும் அவர் குறிப்பிடுகின்றார். வெள்ளிதோறும் தொழுகைக்கு மக்கள் கூடும் இரு பெரும் பள்ளிகள் நகரில் இருந்தன; காதியாரும் இருந்தார்; மக்களுட் பெரும்பாலோர் சாபி மதுகபினர் என்பதும் அவர் தரும் செய்தி. தூதராய் வந்தவர் நகரின் பல வழக்கங்களை இகழ்ந்தபோதும் அதன் நீதியை இகழ இயலவில்லை.

1510ஆம் ஆண்டுத் தீ

1498 மே மாதத்தில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். அவர்க்குப் பின் வந்த போர்த்துக்கேயர் வணிகத்தில் ஒரு பங்கை மட்டும் விரும்பினாரல்லர். முழுவதையும் தமக்கே உரியதாக்க விரும்பினர். 1500இற் கப்றால் தலைமையில் வந்தோர்க்கும் நகரத்தார்க்கும் மோதல் மூண்டு, நகரம் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1502இல் மீண்டும் வந்த காமா, முசுலிம் வணிகரை நகரைவிட்டு வெளியேற்றுமாறு சாமூதிரியை வற்புறுத்தினார். சாமூதிரி அதற்கு இசைந்திலர். நகரம் மறுமுறையும் பீரங்கிக்கு இலக்காயிற்று.

அரசியல் நோக்கிற் பார்ப்பின், இசைந்திருத்தல் எளிது. கொச்சி மன்னர் போர்த்துக்கேயரோடு நட்புப் பூண்டு அவர்தம் படைவலியாற் பயன்பெற்றார். சாமூதிரியும் அவ்வாறு செய்திருக்கலாம். ஆயின், தலைமுறை தலைமுறையாய்த் தன் நகரிற் குடியிருந்து, தன் சுங்கத்தை நிறைத்து, தன் மரக்கலங்களைச் செலுத்தியவரைப் புறந்தள்ளுதல் தன் நகரையே புறந்தள்ளுதலாகும் என அரசன் உணர்ந்திருத்தல் வேண்டும். அன்றியும், அடைக்கலம் என வந்தாரைக் கைவிடுதல் அரசநீதிக்குப் பொருந்தாது. நாள்தோறும் அளந்த நாழிக்கு இப்பொழுது விலை கேட்கப்பட்டது. சாமூதிரி அவ்விலையைக் கொடுக்கத் துணிந்தார்.

1510 சனவரி 3ஆம் நாள், தளபதி பெர்னாந்து கூத்தினோவும் அல்புக்கேர்க்கும் பெரும்படையோடு கள்ளிக்கோட்டையிற் கரையிறங்கினர். இசுலாமியக் கணிப்பின்படி அது 915ஆம் ஆண்டு இரமழான் மாதம் 22ஆம் நாள். நோன்பின் இறுதிப் பத்து நாள்கள் தொடங்கிய வேளை. சாமூதிரி அப்போது நகரில் இல்லை. படையினர் நகருட் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டனர். மிஸ்கால் பள்ளிக்குத் தீ மூட்டினர். ஆயின், அரண்மனை வரை சென்ற படை திரும்பி வருதற்குள் நகரத்து வீரர் சூழ்ந்துகொண்டனர். கூத்தினோ கொல்லப்பட்டார். அல்புக்கேர்க் காயமுற்று, உயிர்தப்பிக் கப்பலை அடைந்தார்.

ஒரே நாளில் மன்னனின் மாளிகையும் முசுலிம்களின் பள்ளியும் ஒரு பகைவனாலே தாக்கப்பட்டன. இரண்டையும் காக்க ஒரே படை போரிட்டது. பள்ளியின் மேல்நிலையிற் கருகிய மரப்பகுதிகள் அந்நாளின் அடையாளமாகக் காட்டப்பட்டு வருகின்றன.

சாலியம் வீழ்ந்தது

அதன்பின் அறுபது ஆண்டுகள் போரும் உடன்படிக்கையும் மாறி மாறி வந்தன. 1513இல் உடன்படிக்கை செய்து கள்ளிக்கோட்டையிலேயே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், முற்றுகைக்கு ஆற்றாது 1525–26இல் அதனைக் கைவிட்டனர். 1531இல் நகருக்குத் தெற்கே ஆற்றுமுகத்திலுள்ள சாலியத்தில் மற்றொரு கோட்டை எழுப்பினர். அங்கிருந்த மிகப் பழைய பள்ளிவாசலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர் என்பது அக்கால முசுலிம் அறிஞர் தரும் செய்தி. கடலிற் சாமூதிரியின் தளபதியரான குஞ்ஞாலி மரைக்காயர் விரைவுப் படகுகளாற் போர்த்துக்கேயரை அலைக்கழித்தனர்.

1571ஆம் ஆண்டில் சாமூதிரியின் படை சாலியத்தை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. கோட்டை கல்லின்மேற் கல் நில்லாதபடி தகர்க்கப்பட்டது. அதன் கற்களும் மரங்களும் பெரும்பாலும் கள்ளிக்கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எஞ்சியவை, முன்பு இடிக்கப்பட்ட சாலியத்துப் பள்ளிவாசலை மீண்டுங் கட்டுதற்கு விடப்பட்டன. மிஸ்கால் பள்ளியும் சாலியத்து மரங்களைக் கொண்டே செப்பனிடப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. பள்ளிவாசலை இடித்துக் கட்டிய கோட்டை, இறுதியிற் பள்ளிவாசலுக்கே பொருளாய் முடிந்தது.

இந்நிகழ்ச்சிகளை இரு அரபு நூல்கள் பதிவுசெய்துள்ளன. ஒன்று பொன்னானியைச் சார்ந்த செயினுத்தீன் மகுதூம் இயற்றிய துகுபத்துல் முசாகிதீன். மலையாள நாட்டு மன்னர் முசுலிம்களை மதித்து நடத்தினர் என்றும், காதியார்க்கும் முஅத்தின்களுக்கும் உதவித்தொகை வழங்கினர் என்றும், வெள்ளித் தொழுகை தவறாது நடைபெறுதற்குத் துணைநின்றனர் என்றும் அவர் கூறுகின்றார். இந்நூல் போருக்கு அழைக்கும் நூல். சமயப் பற்றிற் சிறிதுந் தளராத ஒருவர் எழுதியது. அத்தகையவரே, முசுலிம் மன்னர் பலர் வாளாவிருக்கச் சாமூதிரி தம் செல்வத்தைச் செலவிட்டுப் போரிட்டமையை எடுத்துரைப்பது அதன் உண்மைக்கு வலுவூட்டுகின்றது. மற்றையது கள்ளிக்கோட்டைக் காதியார் முகம்மது இயற்றிய பத்குல் முபீன் என்னும் செய்யுள் நூல். சாலியத்து வெற்றியைப் பாடும் அது, சாமூதிரியின் புகழையும் பாடுகின்றது. இக்காதியாரே 1607இல் முகியித்தீன் மாலை என்னும் நூலை அரபு எழுத்திலே மலையாள மொழியில் இயற்றியவர். பள்ளியைச் சார்ந்த கல்வி மக்கள் மொழியிலும் இலக்கியமாய் மலர்ந்ததற்கு அது சான்றாகும்.

இலங்கைத் தொடர்பு

கள்ளிக்கோட்டையின் இவ்வரலாறு ஈழநாட்டுக்கு முற்றிலும் அயலானதன்று. இபின் பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தபோது, புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. சைவ மன்னராகிய அவர், பாவாத மலைக்குச் செல்ல விரும்பிய முசுலிம் யாத்திரிகரோடு யோகியரையும் பிராமணரையும் துணையாக அனுப்பிவைத்தார். 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்துச் செங் கோ கொணர்ந்த காலிக் கல்வெட்டு, சீனத்திற் புத்தரையும், தமிழிலே தென்னாவரை நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாவையும் போற்றுகின்றது. பின்னர்ச் சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னை போர்த்துக்கேயரை எதிர்க்கத் துணை வேண்டியபோது, சாமூதிரியின் மரைக்காயர் மரக்கலங்கள் இலங்கைக்கு வந்தன. 1538இல் அத்தொகுதி ஒன்று இராமேசுவரத்துக்கு அணித்தான வேதாளையிற் பெருந்தோல்வி கண்டது. முச்சுந்திக் கல்வெட்டிற் கண்ட மனப்பாங்கு ஓர் ஊருக்கே உரியதன்று. இந்து மாகடற் கரையெங்கும் பரவியிருந்த பண்பாடு அது.

முடிவுரை

இந்நட்பு என்றும் மாசின்றி நிலவியதெனக் கூறுதல் வரலாறாகாது. நான்காம் குஞ்ஞாலி தன்னை அரசனாகக் கருதத் தொடங்கியபோது சாமூதிரிக்கும் அவனுக்கும் பகை மூண்டது. 1600ஆம் ஆண்டில் சாமூதிரி போர்த்துக்கேயரோடு கூடி அவன் கோட்டையைத் தாக்கினார். சரணடைந்த குஞ்ஞாலி கோவைக்குக் கொண்டுசெல்லப்படாது, கோவா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். தொண்ணூறு ஆண்டுகள் போர்த்துக்கேயரின் பீரங்கியாற் பிரிக்க முடியாத இரு திறத்தாரை ஐயமும் செருக்கும் சில ஆண்டுகளிற் பிரித்துவிட்டன. நம்பிக்கை என்பது ஒருமுறை ஈட்டி வைத்துக்கொள்ளும் பொருளன்று என்பதற்கு இதனினுங் கசப்பான சான்று இல்லை.

1766இல் மைசூர் ஐதர் அலியின் படை கள்ளிக்கோட்டையைச் சூழ்ந்தது. அன்றைய சாமூதிரி தம் அரண்மனைக்குத் தாமே தீயிட்டு அதனுள் மாண்டார். 1792இல் நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. படியளந்த அரசு இவ்வாறு மறைந்தது. ஆயின், அவ்வரசின் நிழலில் வளர்ந்த பள்ளி மறையவில்லை. குற்றிச்சிறைக் குளக்கரையில் ஐவேளைத் தொழுகை தொடர்ந்து நடைபெறுகின்றது. மழை கூரையை நனைக்கும், மரம் உளுக்கும், ஒவ்வொரு தலைமுறையும் அதனைச் செப்பனிடும்.

கல்லாற் கட்டிய கோட்டையைக் காக்கப் படை வேண்டும். படை நீங்கின் கோட்டையும் நீங்கும். மரத்தாற் கட்டிய பள்ளியைக் காத்தவர் அதனைத் தமதெனக் கருதிய மக்கள். அவர்களைத் தன் குடிகளெனக் கருதினான் ஓர் அரசன். தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுவேயாம். பல மொழியும் பல சமயமும் உடைய மக்கள் ஒரு நாட்டில் வாழும்போது, அவர்களை இணைப்பது பெரும் பிரகடனங்களினும் நாள்தோறும் தவறாது அளக்கப்படும் சிறு நாழியே என்பதை முச்சுந்திக் கல்லும் மிஸ்கால் மரமும் ஒருங்கே உணர்த்துகின்றன.